பேதுருவின் மிச்சக் கதை

டிலக்‌ஷன் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய மீன்பிடிப் போட்டின் முதுகில் ஏறி நின்று, கைப்பேசியை வாயருகே பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். கற்பிட்டிக்கு வடக்கே மணல் மெலிந்து மெலிந்து கடலுக்குள் நீளும் அந்த முனையில் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். அதுவும் சற்றுச் சரிந்து நின்றால் போய்விடும்.

“பேதுரு ஃபீலிங் சாட். இரவு முழுக்கக் கடல்ல நிண்டும் ஒரு மீன் இல்ல. டோட்டல் ஃபெயில். யாக்கோபுவும் யோவானும் சேர்ந்து அழுகிற ஸ்டிக்கர் போட்டாச்சு. அப்பதான் ஒரு ஆள் கரையில வந்து, ‘ப்ரோ, உங்கட போட்டில ஏறி இருந்து ஒரு லைவ் போகட்டோ?’ எண்டார். சனம் எண்டால் சனம், வியூஸ் பிச்சுக்கொண்டு போகுது. லைவ் முடிஞ்ச கையோட பேதுருவைப் பார்த்து, ‘ஆழத்துக்குப் போய் இன்னொருக்கா வலையைப் போடு’ எண்டார். பேதுருவுக்குச் சிரிப்பு. ‘தல, நாங்க பரம்பரை பரம்பரையா இந்த ஃபீல்டில இருக்கிற ஆக்கள்...’ பேதுரு போட்டாரோ இல்லையோ? பார்ட் டூ ஞாயிற்றுக்கிழமை. அதுவரைக்கும் வலை வெறும் வலைதான் மக்களே, வெறும் வலை!”

அனுப்பும் பொத்தானைக் கட்டைவிரலின் பக்கவாட்டால் அழுத்தினான். நைலோன் நூல் அறுத்து அறுத்து அவனுடைய விரல் நுனிகள் எல்லாம் துணி சுற்றியிருந்தன. உப்புப் பிடித்த விரலைக் கைப்பேசியின் கண்ணாடி விரலென்றே மதிப்பதில்லை. அதனால்தான் வீட்டுக்கு எழுத வேண்டியதை எல்லாம் வாயால் சொல்லி எழுதுவித்தான்.

தகவலுக்குக் கீழே ஒரு சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அவன் கையை உயர்த்தினான், திரும்பினான், மறுபடி பார்த்தான். அவனுக்குப் பின்னால் பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி மக்தலேனா, குனிந்த நிலையிலேயே அசையாமல் நிற்பதை அவன் காணவில்லை. வலை மடித்துக்கொண்டிருந்த சக தொழிலாளி றிம்ஸான் நாக்கைக் கடித்ததையும் காணவில்லை.

டிலக்‌ஷன் கடற்கரையில் பிறந்தவன் அல்லன். வவுனியாவுக்கு உள்ளே, குளமும் வயலுமாக இருக்கும் ஊர் அவனுடையது. யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்தபோது வீடு நின்ற இடத்தில் பற்றை நின்றது. கொழும்பில் இரும்புக்கடை, பிறகு ஒரு தையல் தொழிற்சாலை என்று எங்கே போனாலும் சில மாதங்களில் பையோடு திரும்பி வந்துவிடுவான். பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையில் நடக்கும்போது வேலிக்கு வேலி தலைகள் நீண்டு, “என்ன, வந்தாச்சோ?” என்று கேட்கும். அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்க அவனால் ஏலாது. போட்டில் ஏறிய முதல் வாரம் முழுக்க வாந்திதான். என்றாலும் இந்த முறை திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கதைகள் அவனுடைய அக்கா யூஜினிக்காக. கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பெடுப்பவள் அவள். பிள்ளைகள் வேதாகமத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிறார்கள் என்று அழாக்குறையாகச் சொன்னாள். சும்மா பகிடிக்கு அவன் ஆதாம் கதையைச் சொல்லி அனுப்பினான்: “கடவுள் கேட்டார், ‘ஆதாம் எங்க நிக்கிறாய், லொகேஷன் அனுப்பு.’ ஆதாம் சொன்னான், ‘ஆண்டவரே, உடுப்பில்ல, கமெரா ஓஃப்.’” வகுப்பே உருண்டு விழுந்து சிரித்ததாம். அதற்குப் பிறகு சந்தேகப்பட்ட தோமா ஸ்கிரீன்ஷொட் கேட்டார். சேவல் கூவ முன்னம் பேதுரு, “அந்த ஆளை நான் ஃபொலோ பண்ணுறதே இல்ல” என்றார். அம்மா றோசமேரி முதலில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு யூஜினி வாசிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து இருக்கத் தொடங்கினாள்.

பருவ காலத்துக்கு மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கும் அந்த வாடியில் றிம்ஸான்தான் அவனுடைய முதல் ரசிகன். மதுரங்குளிப் பையன், வயதும் ஒன்று. ஆனால் அவனுக்கு ஒரு நிபந்தனை இருந்தது.

“மச்சான், உங்கட ஆக்கள வச்சு என்னத்தையும் சொல்லு. யூனுஸ் நபிட கதைய மட்டும் தொடாத. அவர் எங்களுக்கும் நபி.”

“எங்களுக்கு யோனா.”

“பேர் எதெண்டாலும் ஆள் ஒராள்தானே. தொடாத.”

அன்று மாலை கடலுக்குப் போய் வலை இறக்கினார்கள். விடியப் போய் இழுத்தபோது சொறிமுட்டை ஜெல்லிமீன்களும் ஒரு கிழிந்த சாரத்துணியும் வந்தன. கரையில் நின்றவர்கள் “எப்படி?” என்று கேட்க, போட்டின் சொந்தக்காரரான சம்மாட்டி சாள்ஸ், “கறிக்கு இருக்கு” என்றார். போட்டில் கறிக்கு ஒரு சூடை மீன் கூட இல்லை. டிலக்‌ஷனுக்கு அது விளங்கவில்லை. மானத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தான்.

மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த நாளும். பக்கத்து வாடிப் போட்டுகள் கும்பளா மீன் கொண்டுவந்தன. சாள்ஸின் போட் மட்டும் தண்ணீரைச் சுமந்து வந்தது. சாப்பாட்டில் மக்தலேனா அவனுக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். டிலக்‌ஷன் ஒவ்வொரு வாய்க்கும் கைப்பேசியைப் பார்த்தான், வைத்தான், எடுத்தான்.

கடைசியில் சாள்ஸ் கூப்பிட்டார். கட்டையான, மெல்லக் கதைக்கிற மனிதர். சிலாபம் பக்கத்து ஊரிலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் மனைவியோடு இங்கே வந்து வாடி போடுகிறவர்.

“தம்பி, சனிக்கிழமை ஐஸ் லொறி வரும். அதில ஏறிப் போ. பாலாவிச் சந்தியில இறக்கி விடுவாங்கள். அங்கால பஸ் இருக்கு.”

“சம்மாட்டி, நான் என்ன பிழை விட்டனான்?”

“பிழை எண்டில்ல. உனக்குக் கடல் சரிவராது.”

“வாந்தி இப்ப நிண்டிட்டு, சம்மாட்டி. நேற்று ஒருக்காத்தான்.”

“வாந்தியில்லடா,” என்றார் சாள்ஸ். எழும்பிப் போய்விட்டார்.

டிலக்‌ஷன் நேரே றிம்ஸானிடம் ஓடினான். அவன் எஞ்சினுக்குப் பெற்றோல் வடித்துக்கொண்டிருந்தான்.

“என்னத்துக்கடா என்னை அனுப்புறாங்கள்?”

“உனக்கு மெய்யாத் தெரியாதா?” றிம்ஸான் நிமிர்ந்து பார்த்தான். “வலைக்குப் போக முன்னம், கடலப் பாத்துக்கொண்டு, அந்தச் சொல்லச் சொன்னியே. அதுவும் கத்தி. ரெண்டு தரம்.”

“எந்தச் சொல்?”

“நானும் சொல்லணுமா? அதான், வலைக்குள்ள ஒண்டும்...” அவன் கையை விரித்துக் காட்டினான். “அத வாடியில ஆரும் வாயால சொல்ற இல்ல மச்சான். மீன் படாட்டி, கறிக்கு இரிக்கி எண்டுதான் சொல்ற. வலை பிஞ்சா, வலைக்கு வேலை இரிக்கி எண்டு சொல்ற. போட்டுக்கு நடக்கிறதொண்டு இரிக்கே, அதுக்குச் சொல்லே இல்ல.”

“நான் கடலுக்குச் சொல்லேல்லயே! அக்காவுக்கு எழுதினனான்!”

“எழுதினதெண்டா ஆருக்குக் கேக்கப் போகுது? நீதானே எழுத்தையும் வாயால எழுதுறாய்.”

டிலக்‌ஷன் பழைய போட்டின் மேல் ஏறினான். “அக்கா, அம்மாட்டச் சொல்லாத. என்னை அனுப்பப் போறாங்கள்” என்று சொல்லி அனுப்பினான். இந்த முறை வாயைக் கையால் மூடிக்கொண்டு, கரைப்பக்கம் திரும்பி நின்று, கிசுகிசுத்தான். கைப்பேசி அதைச் சரியாக எடுக்கவில்லை. அழித்தான், மீண்டும் சொன்னான். ஒரு சரி. காத்திருந்தான். ஒரு சரிதான்.

கீழே இறங்கியபோது மக்தலேனா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மகன், நீ சொன்னது இராயப்பர்ட கதைதானே?” அவளுக்குப் பேதுரு எப்போதும் இராயப்பர்தான்.

“ஓம் அன்ரி. மன்னிச்சுக்கொள்ளுங்க. எனக்குத் தெரியாது...”

“மன்னிப்பு கிடக்கட்டும். நான் யோசிச்சுப் பாத்தன். வேதத்தில இருக்கிறதத்தானே நீ சொன்னாய். அது பிழையா இருக்க ஏலாது. பிழை எங்க எண்டால், நீ அதை அந்த இடத்தில நிப்பாட்டிப் போட்டாய்.”

“ஞாயிற்றுக்கிழமை மிச்சம் சொல்லலாம் எண்டு...”

“ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இராயப்பர் அப்படியே நிக்கிறதோ? இஞ்ச பாருங்க!” என்று வாடிக்குள் கூப்பிட்டாள். சாள்ஸ் எட்டிப் பார்த்தார். “இந்தப் பொடியன் இராயப்பரைக் கடல்ல விட்டிட்டு வந்திட்டான். கரைக்குக் கொண்டுவராமல் ஆளை லொறியில ஏத்தினால், பிறகு ஆர் கொண்டுவாறது?”

சாள்ஸ் தாடையைச் சொறிந்தார். “சரி. மிச்சத்தைச் சொல்லச் சொல்லு. இண்டைக்கே. போட் தள்ள முன்னம்.”

பிற்பகல் வெயிலில் எல்லாரும் போட்டைச் சுற்றி நின்றார்கள். வலை ஏற்றியாகிவிட்டது. டிலக்‌ஷனுக்குத் தெரிந்த கதைதான். ஒரு கதை, அவ்வளவுதான். சொல்லி முடித்தால் லொறியில் ஏற வேண்டியதில்லை.

“பேதுரு சொன்னார், ‘தல, நீங்க சொல்றீங்க எண்டதுக்காகப் போடுறன்’ எண்டு. போட்டார். உடன நோட்டிஃபிகேஷன் மேல நோட்டிஃபிகேஷன். மீன் எண்டால் மீன். வலை அப்படியே கி...”

அவன் நிறுத்தினான்.

“கி?” என்றார் சாள்ஸ்.

டிலக்‌ஷனுக்கு அடுத்த வரி நினைவுக்கு வந்தது. லூக்கா எழுதினபடி அடுத்தது வலை கிழிகிறது. அதற்கு அடுத்தது, மற்றப் போட்டையும் கூப்பிட்டு மீன் ஏற்றி, இரண்டு போட்டும் தாழப் பார்க்கின்றன. றிம்ஸான் சொல்லே இல்லை என்று சொன்ன அதே விஷயம். அதை இவர்கள் முகத்துக்கு நேரே, போட் தள்ளும் நேரத்தில்.

“வலைக்கு... வலைக்கு நிறைய வேலை வந்தது,” என்றான்.

“என்ன வேலை?” மக்தலேனா கிட்ட வந்தாள். “எனக்குத் தெரியும் அந்த இடம். சின்னனில கேட்டது. வலை...” அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். “மாதாவே! அதுக்குப் பிறகு போட்டும்...”

“சொல்லாத!” என்றார் சாள்ஸ்.

“அப்ப அதை விட்டிட்டு மிச்சத்தைச் சொல்லு,” என்றான் றிம்ஸான்.

“வேதத்தில கத்தரிக்கோல் வைக்கிறதோ?” மக்தலேனா அவன் பக்கம் சீறினாள். “உங்கட குர்ஆனில நீ அப்படிச் செய்வியோ?”

றிம்ஸான் போட்டில் கிடந்த வலையைச் சரிசெய்யத் திரும்பினான். சாள்ஸ் சூரியனைப் பார்த்தார். அது யாருக்கும் நிற்பதாக இல்லை. சொன்னாலும் வில்லங்கம், விட்டாலும் வில்லங்கம். டிலக்‌ஷன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்ததுபோல் இருந்தது. எடுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. அங்கே சிக்னலே இல்லையே.

“கொஞ்சம் பொறுங்க சம்மாட்டி,” என்று சொல்லிவிட்டு ஓடினான். பழைய போட்டின் மேல் அவன் கால் வைத்ததும் தகவல்கள் சடசடவென்று விழுந்தன. எல்லாம் யூஜினியுடையவை. “ஏன்டா அனுப்புறாங்கள்?” “டேய்.” “டேய் டிலக்.” “கதை.” “அம்மா பக்கத்தில நிக்கிறா, ஒண்டும் சொல்லேல்ல.” அவன் நேரே அழைப்பு எடுத்தான்.

“அக்கா, கெதியாச் சொல்லு. பேதுரு மீன் பிடிக்கிறது, ஆனால் வலைக்கு ஒண்டும் நடக்காத மாதிரி ஏதும் கதை இருக்கோ?”

“என்ன விசர்க் கேள்வியடா இது?”

“இருக்கோ இல்லையோ?”

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. “யோவான் கடைசி அதிகாரம். உயிர்த்த பிறகு. அங்கயும் இரவு முழுக்க ஒண்டும்...”

“அந்தச் சொல்லைச் சொல்லாத!”

“எந்தச் சொல்? அங்கயும் பேதுருதான். வலப்பக்கம் போடச் சொல்லுறார். இவ்வளவு மீன் பட்டும் வலை கிழியேல்ல எண்டு அப்படியே எழுதியிருக்கு. எத்தினை மீன் எண்டுகூட எண்ணி வைச்சிருக்கிறாங்கள்... ஹலோ? டேய்?”

அவன் மணலில் குதித்துவிட்டான்.

போட்டடிக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. “அது பார்ட் டூ இல்ல,” என்றான். “அது வேற எபிசோட். பார்ட் டூவுக்கும் பிறகு வாற கடைசி இதுதான். பேதுரு கடைசியாக் கரைக்கு வந்தது இதிலதான்.”

மக்தலேனா சந்தேகத்தோடு பார்த்தாள். “வேதத்தில இருக்கிறதோ?”

“யோவான். கடைசி அதிகாரம். அக்கா மறைக்கல்வி ரீச்சர், அவ பாத்துச் சொன்னது.”

“சொல்லு.”

“சீடர்மார் எல்லாரும் பழைய வேலைக்கே திரும்பிப் போயிட்டாங்கள். குரூப்பில ஒருத்தரும் மெசேஜ் போடுறதில்ல. விடியக்காத்தால கரையில ஒருத்தர் நிக்கிறார். டிபி படம் இல்ல, பேர் இல்ல, அன்னோன் நம்பர். ‘பிள்ளையள், கறிக்கு இருக்கோ?’ எண்டு கேட்டார்.”

சாள்ஸின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்புப் போல ஒன்று அசைந்தது. “அப்படியோ கேட்டவர்?”

“சாப்பிட ஏதும் இருக்கோ எண்டு கேட்டவர், சம்மாட்டி. அதுதானே. பிறகு, ‘வலப்பக்கம் போடுங்க’ எண்டார்.”

“கரையில நிக்கிற ஆள் சொல்லி எந்த மீன்காரன் கேப்பான்?” என்றார் சாள்ஸ்.

“இல்ல சம்மாட்டி,” றிம்ஸான் குறுக்கே வந்தான். “கரையில நிண்டாத்தானே மீன் கூட்டம் கறுப்பாத் தெரியும். உள்ள இரிக்கிறவனுக்குத் தெரியாதே. அந்த ஆள் கண்டிருப்பார்.”

“ம். அது சரிதான். சொல்லு.”

“போட்டாங்கள். வைரல்! இழுக்க ஏலாத மீன். ஆனால் வலை...” டிலக்‌ஷன் குரலை உயர்த்தினான், கடல் பக்கமே திரும்பி நின்று சொன்னான், “வலைக்கு ஒரு வேலையும் இல்ல! ஒரு வலைக்கண் கூட விடேல்ல! புது வலை மாதிரி!”

“ஆமென்,” என்றாள் மக்தலேனா.

“யோவான் உடன கண்டுபிடிச்சிட்டார், ‘டேய், அது எங்கட அட்மின்!’ எண்டார். பேதுரு அதைக் கேட்டதும் சட்டையைப் போட்டுக்கொண்டு கடல்ல பா...” மனிதன் கடலில் பாய்வது நல்லதா, கெட்டதா? “கடல்ல மெல்ல இறங்கி, நடந்து வந்தார்.”

“சட்டையைப் போட்டுக்கொண்டோ இறங்கினவர்?” றிம்ஸான் சிரித்தான். “ஆக்கள் கழட்டிப் போட்டுத்தானே இறங்குற!”

“மரியாதையடா,” என்றாள் மக்தலேனா. “பிறகு?”

“கரைக்கு வந்து பாத்தால், ஆண்டவர் அடுப்பு மூட்டி, மீன் சுட்டு, பாணும் எடுத்து வைச்சிருக்கிறார். ‘வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ’ எண்டார். அவ்வளவுதான். எண்ட்.”

மக்தலேனா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். “ஆரு அடுப்பு மூட்டினது?”

“ஆண்டவர்.”

“அவரே?”

“அவரே, அன்ரி. உயிர்த்த கையோட.”

அவள் மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். “கேட்டீங்களோ? இத்தனை பருவமா இஞ்ச வாறம். நீங்க ஒரு நாள் ஒரு விறகுக்கட்டையை அடுப்புக்குள்ள தள்ளி இருக்கிறீங்களோ?”

“போட்டைத் தள்ளுங்கடா!” என்று சாள்ஸ் கத்தினார்.

கடலில், எப்போதும் இடப்பக்கம் வலை இறக்குகிற சாள்ஸ் எஞ்சினை நிறுத்தி, வெகு நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, “இஞ்சால பக்கம் கொஞ்சம் விட்டுப் பாப்பம்,” என்று வலப்பக்கத்தைக் காட்டினார். பொடியன்கள் வலையை அந்தப் பக்கமாக இறக்கினார்கள்.

விடியும் வெளிச்சத்தில் வலையை இழுத்தபோது டிலக்‌ஷன் கண்ணை மூடிக்கொண்டான். கையில் கனம் தெரிந்தது. சொறிமுட்டையின் கனம் வழுக்கும். இது துடித்தது. கண்ணைத் திறந்தான். கும்பளா. போட் நிறையவில்லை, எல்லாப் பெட்டிகளும் நிறையவில்லை. என்றாலும் மீன். நடுவில் ஒரு பாரைகூடக் கிடந்து வாலை அடித்தது. டிலக்‌ஷன் விரலில் சுற்றிய துணி அவிழ்ந்ததையும் கவனிக்காமல் மீனைக் கழற்றினான்.

“நிலவு தேயத் தொடங்கிட்டு,” என்றார் சாள்ஸ், யாரும் கேட்காமலே. “அதுதான் பட்டிருக்கு.”

“ஓம் சம்மாட்டி,” என்றான் றிம்ஸான், டிலக்‌ஷனுக்குக் கண்ணடித்துக்கொண்டு.

சனிக்கிழமை ஐஸ் லொறி வந்தது. பெட்டிகள் ஏறின. டிலக்‌ஷன் பையைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், பாதி உடுப்பைப் பைக்குள்ளும் பாதியைக் கொடியிலும் வைத்திருந்தான். சாள்ஸ் அவனைக் கடந்து போனார், வந்தார். லொறிச் சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆரோ வாறதெண்டு சொன்னீங்க?” என்று கேட்டான். சாள்ஸ் மற்றவர்கள் காதில் விழாதபடி சாரதியிடம் என்னவோ சொன்னார். சாரதி கதவை அடித்துச் சாத்தினான். லொறி மணலில் உருண்டு போனது. டிலக்‌ஷனின் உடுப்பு முழுக்க மறுபடி கொடிக்குப் போனது.

அன்று பிற்பகல் வலை ஏற்றிக்கொண்டிருக்கையில், சாள்ஸ் அவனைப் பார்க்காமலே கேட்டார். “என்ன தம்பி, இண்டைக்கு என்ன கதை?”

“இண்டைக்குமோ?”

“பின்னே?”

“ஒவ்வொரு நாளும்,” என்றாள் மக்தலேனா. “போட் மிதக்க முன்னம் கதை முடிய வேணும். பாதியில விடுறதில்ல. கெட்ட சொல் ஒண்டும் வரப்படாது. வேதத்தில இல்லாததும் வரப்படாது.”

றிம்ஸான் விரலை உயர்த்தினான். “யூனுஸ் நபியும் வரப்படாது.”

டிலக்‌ஷனின் மூளை அங்குமிங்கும் ஓடியது. நோவா? ஊரே தண்ணீருக்குள். மோசே செங்கடலைப் பிளந்தது? பின்னால் வந்த பார்வோனின் படை என்ன ஆனது? புயலை அதட்டி அடக்கினது? புயலைச் சொல்லாமல் எப்படி அடக்குவது? பவுல் கப்பலில் ரோமுக்குப் போய், நடுக்கடலில் அந்தக் கப்பல்... ஐயோ, வேண்டாம். கானா ஊர்க் கல்யாணத்தில் முதல் வரியே திராட்சரசம் தீர்ந்து போகிறது. ஒரு சின்னக் கெடுதியும் நடக்காத பக்கம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா என்று இத்தனை நாளாக அவன் யோசித்ததே இல்லை.

“தானியேல்,” என்றான் கடைசியில். கடல் இல்லை. தண்ணீரே இல்லை. “தானியேல் எண்டு ஒரு பொடியன். ராசான்ர ஒஃபிசில வேலை. அங்க கூட வேலை செய்யிற ஆக்கள் அவனை ரிப்போர்ட் அடிச்சிட்டாங்கள்.”

“எதுக்கு?” போட்டின் விளிம்பில் தோளைக் கொடுத்தபடி சாள்ஸ் கேட்டார். மற்றவர்களும் தோளைக் கொடுத்தார்கள்.

“செபம் செய்ததுக்கு. அக்கவுண்டோட தூக்கிச் சிங்கக் குகைக்குள்ள போட்டாங்கள்.”

“சிங்கம் சாப்பிட்டதோ?” மக்தலேனாவின் குரல் உயர்ந்தது.

“இல்ல அன்ரி, இல்ல! ஆளைத் தொடக்கூட இல்ல!” என்றான் அவசரமாக. சொன்ன பிறகுதான் அடுத்த பகுதி நினைவுக்கு வந்தது. தானியேல் வெளியே வந்த பிறகு, அவனை மாட்டிவிட்டவர்களைக் கொண்டுபோய் அதே குகைக்குள் தள்ளுகிறார்கள். குடும்பத்தோடு. அந்தச் சிங்கங்கள் அவர்களை நிலத்தில் விழவும் விடவில்லை.

போட் மணலை விட்டு நழுவத் தொடங்கியது. முதல் அலை அதன் மூக்கை நனைத்தது.

“ம், பிறகு?” என்றார் சாள்ஸ். “கெதியாச் சொல்லு, தண்ணி வந்திட்டு.”

டிலக்‌ஷன் தோளால் தள்ளிக்கொண்டே வாயைத் திறந்தான்.